மூச்சு வாங்குகிறதா? மாத்திரை அட்டையையும் எடுத்துப் பாருங்கள்! கொல்லிமலையில் தொடங்கும் 14 ‘தெரியுமா?’

காரவள்ளியிலிருந்து மேலே ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள்! ஏறி முடித்தால், கடல் மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் மிளகும் காப்பியும் பலாவும் மண்டிக் கிடக்கும் கொல்லிமலை. அதன் 14 நாடுகளில் ஒன்று ஆலத்தூர் நாடு. 1,200 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ 13 சதவீதம் குறைவு. பிறந்ததிலிருந்து மேடும் பள்ளமும் நடந்து பழகிய மலைவாசிகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

அப்படி நடந்து பழகிய ஒருவருக்கு, நாலு எட்டு வைத்தாலே இளைக்கிறது, வறட்டு இருமல் விடவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன சொல்வோம்? “வயசாச்சு.” “பனி ஒத்துக்கல.” “அடுப்புப் புகைதான்.” அலமாரியில் இருக்கும் மாத்திரை மேல் யாருக்காவது சந்தேகம் வருமா?

வர வேண்டும்! நோயைத் தீர்க்கச் சாப்பிடும் மருந்து, அரிதாகச் சிலருக்கு நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். அதற்கு முதலில் இப்படி ஒன்று உண்டு என்பது தெரிந்திருக்க வேண்டும். மலையின் 14 நாடுகளுக்கும் கணக்காக, இதோ 14 உண்மைகள்!

1. உடம்பின் மொத்த ரத்தமும் நுரையீரல் வழியாகத்தான் போகிறது, தெரியுமா?

இரண்டு நுரையீரல்களிலும் சேர்த்து ஏறக்குறைய 30 கோடி காற்று நுண்ணறைகள்! அத்தனையையும் பிரித்து விரித்தால் 70 சதுர மீட்டர் வரும். ஒரு பேட்மின்டன் மைதானத்தையே ஏறக்குறைய மூடிவிடலாம். காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருக்கும் சுவரின் கனம், பல இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது.

கைக்கும் காலுக்கும் ரத்தத்தில் ஒரு பங்குதான் போகிறது. நுரையீரலுக்கோ முழுவதும்! சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர். மூட்டு வலிக்கு விழுங்கிய மாத்திரை மூட்டுக்கு மட்டும் போவதில்லை. ரத்தத்தில் கலந்து, அந்த மெல்லிய சுவரைத் தொட்டுத் தொட்டுத்தான் சுற்றி வருகிறது. பெரும்பாலோருக்கு இதனால் ஒன்றும் ஆகாது. சிலருக்கு மட்டும் சுவர் வீங்கும், நீர் கோக்கும்; நாள்பட்டால் தழும்பேறித் தடித்துப்போகும். தடித்த சுவரைத் தாண்டி ஆக்சிஜன் உள்ளே போகத் திணறும். அதைத்தான் நாம் மூச்சு வாங்குது என்கிறோம்.

2. நுரையீரலைத் தாக்கக்கூடிய மருந்துகளின் பட்டியல் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது, தெரியுமா?

1880இல், கனடாவின் மான்ட்ரியல் நகரில், மார்ஃபின் விஷத்தால் இறந்த ஒருவரின் உடலைப் பரிசோதித்தார் வில்லியம் ஆஸ்லர். நுரையீரலில் நீர் கோத்திருந்தது! நவீன மருத்துவத்தின் தந்தைகளில் ஒருவராகப் போற்றப்படும் ஆஸ்லர் அன்று எழுதிவைத்த குறிப்பு, இந்தத் துறையின் மிகப் பழைய பதிவுகளில் ஒன்று.

அதற்குப் பிறகு வந்த மருந்துகளுக்குக் கணக்கே இல்லை. பிரான்சின் டிஜான் நகரத்து நுரையீரல் மருத்துவர் ஃபிலிப் காமு, எந்த மருந்து நுரையீரலை எப்படித் தாக்கும் என்று பல ஆண்டுகள் உட்கார்ந்து தொகுத்தார். ‘நியூமோடாக்ஸ்’ என்ற அந்தத் தொகுப்பில் இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள்! புற்றுநோய் மருந்து, இதய மருந்து, நீர்க்கடுப்பு மாத்திரை, கண் சொட்டு மருந்து என்று எல்லாமே அதில் உண்டு. பயந்துவிட வேண்டாம். பட்டியலில் இருப்பதாலேயே ஒரு மருந்து கெட்டதாகிவிடாது. இவற்றில் பல தினம் தினம் உயிர் காக்கும் மருந்துகள்.

3. வலி ஒரு வரம் என்று உலகத்துக்குச் சொன்னவர் கொல்லிமலையில் வளர்ந்தவர், தெரியுமா?

1914ஆம் ஆண்டு. மலேரியாவுக்குப் பயந்து கீழ்நாட்டுக்காரர்கள் ஏறத் தயங்கிய இந்த மலையில், வளவந்தியில் வீடு கட்டிக் குடியிருந்தார்கள் ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்ற ஆங்கிலேயத் தம்பதி. அவர்களின் மகன் பால் பிராண்ட் அந்த ஆண்டுதான் பிறந்தார். தந்தை ஜெஸ்ஸி 1929இல் மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சலில் இந்த மலையிலேயே மாண்டார். தாய் எவலினோ மலைமக்களை விட்டுப் போக மனமில்லாமல் முதுமையிலும் குதிரையேறி ஊர் ஊராகச் சுற்றினார். 1974இல் தன் 95வது வயதில்தான் காலமானார்!

மகன் பால் 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் தேய்ந்துபோகின்றன? நோய் விரலைத் தின்பதாகத்தான் அன்று நினைத்தார்கள். அப்படி இல்லை என்று நிரூபித்தார் பிராண்ட்! நரம்பு மரத்துப்போனதால் சுட்டாலும் வெட்டினாலும் வலி தெரியவில்லை. தெரியாததால் காயத்தின் மேல் காயம். வலிதான் உடம்பின் காவல்காரன் என்பதை அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னார்.

நுரையீரலின் கதையும் இதுதான். அந்த நுண்ணறைகளுக்கு வலி உணர்த்தும் நரம்பு கிடையாது! உள்ளே என்ன நடந்தாலும் ‘நுண்ணறை வலிக்கிறது’ என்று யாராலும் சொல்ல முடியாது. நுரையீரல் நம்மிடம் முறையிடக் கிடைத்த வழிகள் இருமலும் இளைப்பும்தான். அவற்றை அலட்சியம் செய்தால் வேறு எச்சரிக்கை வருவதற்குள் காலம் கடந்துவிடும்.

4. தொழுநோயைத் துரத்திய மாத்திரையே உதட்டை நீலமாக்கும், தெரியுமா?

டாப்சோன்! 1940களில் செங்கல்பட்டு லேடி வில்லிங்டன் தொழுநோய் நிலையத்தில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் இந்த மருந்தைத் தொழுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முன்னோடி. 1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சையிலும் டாப்சோனுக்கு இடம் கிடைத்தது. லட்சக்கணக்கானவர்களின் வாழ்க்கையை மீட்ட மருந்து இது. அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் இது மூச்சுக்கு இரண்டு வழிகளில் தொல்லை தரும். ஒன்று, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினையே மாற்றிவிடும். நுரையீரல் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் உதடு நீலம் பாரிக்கும், நடந்தால் இளைக்கும், எடுத்த ரத்தம் சாக்லேட் நிறத்தில் இருக்கும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், பாதிப்பு அதிகமானால், ஆக்சிஜன் கொடுத்தாலும் 85 சதவீதத்துக்குப் பக்கத்திலேயே நின்றுவிடும்! இன்னொன்று, மருந்து தொடங்கிச் சில வாரங்களில் காய்ச்சல், தோல் தடிப்பு, மஞ்சள் காமாலை என்று கிளம்பும் ஒவ்வாமை. அரிதாக அது நுரையீரலிலும் இறங்கும். இந்த ஒவ்வாமை யாருக்கு வரும் என்பதை முன்கூட்டியே காட்டும் ஒரு மரபணு அடையாளத்தைச் சீன ஆய்வாளர்கள் 2013இல் கண்டுபிடித்துவிட்டார்கள்!

5. குழந்தையின் மூக்கில் விடும் இரண்டு சொட்டு எண்ணெய் நிமோனியா ஆகும், தெரியுமா?

அம்மாயி காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கால்களின் மேல் கிடத்தி, உச்சி முதல் பாதம் வரை எண்ணெய் தேய்க்கிறார். பிறகு தொப்புளில் ஒரு சொட்டு, காதில் ஒரு சொட்டு, மூக்கில் இரண்டு சொட்டு. பிள்ளை மேல் உள்ள பாசத்தில் செய்வதுதான். உடம்புக்குத் தேய்ப்பதில் ஒரு பிரச்சினையும் இல்லை. மூக்கில் விடும் அந்த இரண்டு சொட்டில்தான் ஆபத்து!

தண்ணீர் புரையேறினால் குழந்தை இருமித் தள்ளிவிடும். எண்ணெய் அப்படி இல்லை. பல நேரம் இருமலைத் தூண்டாமலேயே வழுக்கிக்கொண்டு நுரையீரலுக்குள் இறங்கிவிடும். மூச்சுக்குழாயின் நுண்மயிர்களாலும் அதை மேலே தள்ள முடியாது. காவல் செல்கள் எண்ணெயை விழுங்கி, செரிக்க முடியாமல் உப்பி, அங்கேயே தேங்கும். எக்ஸ்ரேயில் பார்த்தால் அசல் நிமோனியா மாதிரியே இருக்கும். ஆன்டிபயாடிக் எவ்வளவு கொடுத்தாலும் கேட்காது.

1925லேயே இந்த எண்ணெய் நிமோனியாவை மருத்துவ உலகம் பதிவு செய்துவிட்டது. 1973இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழ், தென்னிந்தியக் குழந்தைகளிடம் கண்ட எண்ணெய் நிமோனியா பற்றித் தனிக் கட்டுரையே வெளியிட்டது! பெரியவர்களும் கவனிக்க வேண்டும்: மலச்சிக்கலுக்காகப் படுக்கப் போகும் முன் லிக்விட் பாரஃபின் குடித்துவிட்டுச் சாயும் முதியவர்களுக்கும் இது வரும். மூக்கிலும் தொண்டையிலும் எண்ணெய் விட வேண்டவே வேண்டாம்.

6. மூட்டுவாத மாத்திரையின் வேர், சென்னையில் படித்த ஒருவரிடம் போய் முடிகிறது, தெரியுமா?

கொல்லிமலைக்குப் போனவர்களுக்கு முடவாட்டுக்கால் கிழங்கு சூப் தெரியாமல் இருக்காது. மூட்டு வலிக்கென்றே கீழிருந்து வந்து குடித்துவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். அவர்களில் முடக்குவாதம் உள்ள பலரின் மருந்துச் சீட்டில் இருக்கும் ஒரு பெயர் மெத்தோட்ரெக்சேட்.

பீமாவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் அவர் தலைமையில் நடந்த ஃபோலிக் அமில ஆராய்ச்சியில் பிறந்ததுதான் அமினோப்டெரின். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அதைக் கொடுத்து, ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குத் தற்காலிகமாகவேனும் நோய் தணிந்ததை 1948இல் அறிவித்தார். அதன் உடன்பிறப்புதான் மெத்தோட்ரெக்சேட்!

முடக்குவாதத்துக்கு இதை வாரத்துக்கு ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தவறுதலாகத் தினமும் சாப்பிட்டு உயிருக்கே ஆபத்தானவர்கள் உலகெங்கும் உண்டு. சரியாகச் சாப்பிட்டாலும் அரிதாகச் சிலருக்கு, பெரும்பாலும் முதல் ஆண்டுக்குள், காய்ச்சலும் வறட்டு இருமலும் இளைப்புமாக நுரையீரல் அழற்சி கிளம்பும். முடக்குவாதமே தன் பங்குக்கு நுரையீரலைத் தாக்கக்கூடியது. அதனால் மருந்துக்குப் பயந்து நோயை வளரவிடுவதும் தப்பு. இருமல் வந்தால் அடுத்த வார மாத்திரையைப் போடும் முன் மருத்துவரைக் கேட்பதுதான் சரி.

7. நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் உடம்பில் தங்கும் மருந்து ஒன்று உண்டு, தெரியுமா?

இதயம் தாளம் தப்பித் துடிக்கும்போது கொடுப்பது அமியோடரோன். எகிப்திலும் மத்தியதரைக்கடல் ஓரத்திலும் முளைக்கும் ஒரு செடியின் விதைச் சத்தான கெல்லினிலிருந்து கிளைத்த ஆராய்ச்சியில், 1960களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உருவானது. அதன் எடையில் 37 சதவீதம் அயோடின்!

இது கொழுப்பில் போய் ஒளிந்துகொள்ளும். உடம்பிலிருந்து பாதி வெளியேறவே சராசரியாக இரண்டு மாதம் ஆகும். நுரையீரலிலும் சேரும், அயோடின் தேங்கிய இடங்கள் சி.டி. ஸ்கேனில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். நூறு பேரில் ஓரிருவர் முதல் ஐந்து பேருக்கு நுரையீரல் பாதிப்பு வருவதாகக் கணக்கு. அளவு கூடக்கூட, நாள் ஆக ஆக ஆபத்தும் ஏறும். ‘அந்த மாத்திரையை நிறுத்தி ஒரு மாசம் ஆச்சே’ என்று டாக்டரிடம் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். அது இன்னும் உள்ளேதான் இருக்கிறது!

8. நீர்க்கடுப்பு மாத்திரை நெஞ்சைப் பிடிக்கும், தெரியுமா?

நைட்ரோஃபியூரண்டாயின்: அமெரிக்காவில் 1953லேயே அனுமதி பெற்ற பழைய மருந்து, இன்றும் நல்ல மருந்து. சிறுநீரைப் பழுப்பு நிறமாக்கும், அதில் பயமில்லை. ஆனால் சிலருக்கு மருந்து தொடங்கி ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல்! முன்பு ஒருமுறை சாப்பிட்டு ஒத்துக்கொள்ளாமல் போனவருக்கு, மறுபடி சாப்பிட்டால் சில மணி நேரத்திலேயே வரலாம். உடனே கண்டுபிடித்து நிறுத்திவிட்டால் சில நாட்களில் சரியாகிவிடுகிறது!

இன்னொரு வகைதான் ஏமாற்றும். அடிக்கடி நீர்க்கடுப்பு வரும் வயதான பெண்களுக்கு, வராமல் தடுக்கச் சிறு அளவில் மாதக்கணக்கில் கொடுப்பதுண்டு. அப்போது இளைப்பு மெல்ல மெல்ல ஏறும். நீர்க்கடுப்பு மாத்திரைக்கும் நெஞ்சு இளைப்புக்கும் முடிச்சுப் போட யாருக்குத் தோன்றும்?

9. கண்ணில் விடும் ஒரு சொட்டு ஆஸ்துமாவைக் கிளப்பும், தெரியுமா?

கண் நீர் அழுத்த நோய்க்கு டிமோலால் சொட்டு மருந்து. 1978இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. விட்ட சொட்டு கண்ணிலேயே நிற்பதில்லை. இமையின் உள்மூலையில் ஒரு சின்னத் துளை. அதன் வழியே பெரும்பகுதி மூக்குக்குள் இறங்கிவிடும். அங்கிருந்து நேராக ரத்தம்! மாத்திரையாக விழுங்கினால் முதலில் கல்லீரல் வடிகட்டும். இந்தச் சொட்டுக்கு அந்த வடிகட்டலே கிடையாது. ஆஸ்துமா உள்ளவருக்கு இது மூச்சுக்குழாயைச் சட்டென்று சுருக்கிவிடும்.

சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரமாக உள்மூலையை விரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடித்தால் மூக்குக்குள் இறங்குவது குறையும். ஆஸ்துமா இருந்தால் கண் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள். வேறு மருந்துகள் இருக்கின்றன.

10. தலைவலி மாத்திரை மூச்சை அடைக்கும், தெரியுமா?

ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் ஏறத்தாழ 7 சதவீதம் பேருக்கு ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாது! மூக்கடைப்பு, மூக்கில் சதை வளர்ச்சி, ஆஸ்துமா மூன்றும் ஒருவருக்குச் சேர்ந்து இருந்தால் உஷாராக இருக்க வேண்டும். 1922இல் பிரான்சின் விடால் இதை விவரித்தார். 1968இல் அமெரிக்காவின் சாம்டரும் பியர்ஸும் எழுதிய பிறகு உலகமே கவனித்தது. ஆஸ்பிரின் மட்டுமல்ல, ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் இதே வேலையைச் செய்யும். மருந்துக் கடையில் ‘உடம்பு வலிக்கு ஒரு செட்டு கொடுங்க’ என்று வாங்குவதற்கு முன், ‘எனக்கு வீசிங் இருக்கு’ என்ற மூன்று சொற்களைச் சொல்லுங்கள்.

11. பாம்பு விஷத்திலிருந்து பிறந்த பி.பி. மாத்திரை இரவெல்லாம் இரும வைக்கும், தெரியுமா?

பிரேசிலின் ஜராராக்கா விரியன் கடித்தால் ரத்த அழுத்தம் படுவேகமாக விழும். ஏன்? 1965இல் செர்ஜியோ ஃபெரேரா அந்த விஷத்தில் இருந்த ரகசியப் பொருளைக் கண்டுபிடித்தார். அந்த வழியில் போய் உருவான கேப்டோபிரில் 1981இல் சந்தைக்கு வந்தது. எனலாப்ரில், ராமிப்ரில் எல்லாம் அதன் தம்பிகள்.

இவற்றைச் சாப்பிடும் நூறு பேரில் 5 முதல் 20 பேருக்கு வறட்டு இருமல் வரும். பெண்களுக்கு இன்னும் அதிகம். தொண்டையில் அரிப்பு, படுத்தால் இருமல், எந்த சிரப்புக்கும் கேட்காது! நல்ல சேதி: இதில் நுரையீரலுக்குச் சேதம் இல்லை. மருத்துவர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தால் பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு வாரங்களில் இருமல் நின்றுவிடும். இருமுகிறதே என்று பி.பி. மாத்திரையை நீங்களாக நிறுத்தினால், பக்கவாதத்தை வாசல் திறந்து வரவேற்பதாகும்.

12. ஆக்சிஜனே நுரையீரலைச் சுடும், தெரியுமா?

ஜப்பானில் ஹமாவோ உமெசாவா 1960களில் ஒரு மண் நுண்ணுயிரிலிருந்து பிரித்தெடுத்தது பிளியோமைசின். விரைப் புற்றுநோய்க்கும் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவுக்கும் அருமையான மருந்து. உடம்பின் பல உறுப்புகளில் இதைச் சிதைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. நுரையீரலிலும் தோலிலும் மட்டும் அது மிகக் குறைவு! அதனால் அந்த இரண்டு இடங்களையும்தான் இது தாக்கும். 1996இல் சைக்கிள் பந்தய வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங், தன் நுரையீரலைக் காக்கவே பிளியோமைசின் இல்லாத சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தார்.

இதைவிட வியப்பு ஒன்று உண்டு. பிளியோமைசின் எடுத்தவருக்குப் பின்னாளில் அறுவை சிகிச்சையின்போது அளவுக்கு மீறி ஆக்சிஜன் கொடுத்தால் நுரையீரல் மேலும் கெடலாம். அதனால்தான் மயக்க மருத்துவரிடம் பழைய புற்றுநோய்ச் சிகிச்சையைச் சொல்லியே ஆக வேண்டும். செறிவான ஆக்சிஜன் நெடுநேரம் சுவாசித்தால் நுரையீரலைக் கெடுக்கும் என்பதை லோரைன் ஸ்மித் 1899லேயே காட்டிவிட்டார். பாராகுவாட் களைக்கொல்லியும் இந்த ரகம்தான்: நுரையீரல் செல்கள் அதைத் தாமாகவே உள்ளே இழுத்துச் சேர்த்துக்கொள்ளும், அங்கே ஆக்சிஜன் அந்த நஞ்சுக்குத் துணைபோகும். மருந்தடிக்கும் தோட்டங்களில், அதைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது!

13. உடம்பு இளைக்கக் குடித்த கீரைச் சாறு, நுரையீரலை அடைத்தது, தெரியுமா?

தவசிக்கீரையைப் பல வீடுகளில் ‘மல்டி வைட்டமின் கீரை’ என்று தொட்டியில் வளர்க்கிறோம். மலேசியாவில் காலங்காலமாகச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் 1990களின் நடுவில் தைவானில், எடை குறையும் என்று நம்பி, இதைப் பச்சையாக அரைத்துச் சாறாக்கி வாரக்கணக்கில் குடித்தார்கள். 200க்கும் மேற்பட்டோருக்கு மூச்சுத் திணறல்! நுண்ணிய மூச்சுக்குழாய்கள் தழும்பேறி நிரந்தரமாக அடைத்துப்போயின. சிலருக்கு நுரையீரல் மாற்று அறுவைதான் வழி என்றாயிற்று. சிலர் இறந்தே போனார்கள்.

மூலிகை மணக்கும் கொல்லிமலைக்கு இதில் பெரிய பாடம் இருக்கிறது. கீரை கெட்டதில்லை, பக்குவமும் அளவும் மாறியதுதான் வினையானது. எந்த மூலிகையானாலும் பக்குவம் தெரிந்த வைத்தியரைக் கேட்டுச் சாப்பிடுங்கள். அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

14. பழைய கட்டுரையைத் தேடாததால் ஓர் உயிர் போனது, தெரியுமா?

2001, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம். ஆஸ்துமா எப்படி உண்டாகிறது என்று அறிய ஒரு பரிசோதனை. ஆரோக்கியமான 24 வயதுப் பெண் ஒருவர் தானாக முன்வந்து, ஹெக்சாமெத்தோனியம் என்ற மருந்தை மூச்சில் இழுத்தார். முதலில் இருமல், அடுத்து மூச்சுத் திணறல், ஒரு மாதத்துக்குள் மரணம்.

அந்த மருந்து நுரையீரலைக் கெடுக்கும் என்று 1950களிலேயே கட்டுரைகள் வந்திருந்தன! ஆனால் தேடியவர்கள் நம்பிய கணினித் தொகுப்பு 1966க்குப் பிறகு வந்தவற்றை மட்டும் வைத்திருந்தது. நூலகத்தில் தூசி படிந்த இதழ்களுக்குள் எச்சரிக்கை எழுதியபடியே கிடந்தது. ஒருவருக்கு நேர்ந்த பாதிப்பைப் பதிவு செய்வதும், பதிவானதைத் தேடிப் படிப்பதும் எத்தனை உயிர்களுக்குக் காவல் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சரி, நாம் என்ன செய்ய வேண்டும்?

மருந்துதான் காரணம் என்று அடித்துச் சொல்ல ஒற்றைப் பரிசோதனை எதுவும் கிடையாது. காசநோயா, கிருமித் தொற்றா, அடுப்புப் புகையா, புறா எச்சமா, இதயக் கோளாறா என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்துதான் மருத்துவர் மாத்திரையிடம் போய்ச் சேருவார். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு முதலில் சளிப் பரிசோதனை. அதை விட்டுவிடவே கூடாது. மருத்துவருக்கு நாம் தரக்கூடிய பெரிய துப்பு ஒன்றுதான்: எந்த மருந்து, எந்த மாதம் தொடங்கியது, இருமல் எப்போது வந்தது.

அதற்கு வீட்டில் ஒரு நோட்டு போதும். மாத்திரை, ஊசி, கண் சொட்டு, சூரணம், லேகியம், நிறுத்திவிட்ட பழைய மருந்து எல்லாவற்றையும் தேதியோடு எழுதுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள், காலியான அட்டைகளைக்கூடத் தூக்கிப் போடாமல் ஒரு பையில் சேர்த்து வைத்து மருத்துவரிடம் காட்டலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவரும் சகோதரியிடம், “இந்த மாத்திரை ஆரம்பிச்சதிலிருந்து இருமல் இருக்கும்மா” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். மூச்சு முட்டினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். மலையிலிருந்து இறங்க நேரமாகும் என்பதால் சீக்கிரம் அழைப்பது இங்கே இன்னும் முக்கியம்.

கடைசியாக ஒன்று: மருந்தால் வந்த பாதிப்பை நோயாளியே அரசுக்குத் தெரிவிக்கலாம், தெரியுமா? 2010இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024. புகார்ப் படிவம் தமிழிலும் உண்டு! இந்தப் பக்க விளைவுப் பட்டியல்கள் எல்லாம் யாரோ ஒரு நோயாளி சொல்லி, யாரோ ஒரு மருத்துவர் காதுகொடுத்துக் கேட்டு எழுதியதால் உருவானவை. ஆலத்தூர் நாட்டில் ஒருவர் இன்று சொல்லும் தகவல், முன்பின் அறியாத இன்னொருவரின் நுரையீரலை நாளை காப்பாற்றலாம். அதனால் சொல்லத் தயங்காதீர்கள்!